கிடங்கில் சுமை தூக்கும் வண்டியும் அதன் ஹைட்ராலிக் பம்பும்

நம் நாட்டில் அரசின் ஆதரவில் நடைபெறும் சேமிப்புக் கிடங்குகளின் வரலாறு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்குகிறது. அச்சட்டத்தின்படி 1957-ல் மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகமும், 1958-ல் அன்றைய சென்னை மாநிலத்துக்குரிய கிடங்குக் கழகமும் தோன்றின. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் தத்தம் ஊர்களில் கிடங்குகளைக் கட்டிக்கொண்டன. தென் மாவட்டங்களில் இவற்றைக் கிட்டங்கி என்று வழங்குவோரும் உண்டு. சுவர் எழுப்புவதிலும் கூரை வேய்வதிலும் காட்டப்பட்ட அக்கறை, அச்சுவர்களுக்குள் மூட்டைகள் எவ்வாறு நகர்கின்றன என்பதில் காட்டப்படவில்லை. மூட்டைகள் மனிதனின் முதுகிலேயே நகர்ந்து வந்தன. பெரும்பான்மையான இடங்களில் இன்றும் அப்படியே நகர்கின்றன.

அம்முதுகின் மீது ஏறும் பாரத்தைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். யூரியா மூட்டை 2018-ஆம் ஆண்டு வரை 50 கிலோவாக இருந்து, பின்னர் 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை 40 கிலோ. குறுவைப் பட்டத்துக்கு முன்னர் ஒரு லாரியில் 10 டன் டி.ஏ.பி. வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 200 மூட்டை. ஐந்து தொழிலாளர் இறக்கினால் ஒருவருக்கு 40 மூட்டை. அதாவது ஒரு வேளையில் ஒரு மனிதனின் முதுகெலும்பின் வழியாக 2 டன் பாரம் கடந்து செல்கிறது. ஒரு வயது வந்த ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967-ல் பரிந்துரை செய்தது. நம் மூட்டைகள் அவ்வரம்புக்குள் அடங்குபவையே. ஆயினும் வரம்பு ஒரு மூட்டைக்கு உரியது. நாற்பது மூட்டைகளுக்குப் பின் வரும் இடுப்பு வலிக்கு அது பதில் கூறாது.

இந்நிலையை ஓரளவேனும் மாற்றவல்ல எளிய சாதனம் ஒன்று இப்போது சில சங்கக் கிடங்குகளுக்கு வந்துள்ளது. கையால் இழுத்துச் செல்லும் பேலட் வண்டியே அது. முன்னே நீண்ட இரண்டு இரும்புக் கரங்கள், பின்னே ஒரு கைப்பிடி, இரண்டுக்கும் இடையே ஒரு சிறிய ஹைட்ராலிக் பம்பு. மூட்டைகள் அடுக்கிய மரத்தட்டின் அடியில் கரங்களை நுழைத்துக் கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தால், கரங்கள் தரையிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயரம் வரை எழும்பும். பின்னர் தட்டோடு இழுத்துச் செல்லலாம். இவ்வண்டிகள் பொதுவாக 2,000 முதல் 3,000 கிலோ வரை தாங்கும் வகையில் செய்யப்படுகின்றன. மின்சாரம் வேண்டுவதில்லை, டீசல் வேண்டுவதில்லை.

ஆயினும் வண்டி வந்த ஓரிரு ஆண்டுகளில் அது கிடங்கின் மூலையில் சாய்ந்து கிடப்பதையும், அதன்மீது காலிச் சாக்குகள் குவிக்கப்பட்டிருப்பதையும் பல இடங்களில் காண்கிறோம். ஏன் என்று வினவினால், "தூக்கவில்லை, ஐயா" என்ற ஒரே விடை வருகிறது. சக்கரம் உடைந்ததில்லை, கரம் வளைந்ததில்லை. பம்பு பழுதுபட்டிருக்கும். அப்பழுதும் பெரும்பாலும் அரை லிட்டர் எண்ணெயாலும் இரண்டு மூன்று ரப்பர் வளையங்களாலும் தீரக்கூடியதாகவே இருக்கும். ஆகையால் அப்பம்பு எவ்வாறு வேலை செய்கிறது, எதனால் கெடுகிறது, எவ்வாறு சீர்செய்வது என்பவற்றை இங்கு விளக்க விரும்புகிறோம்.

பம்பின் தத்துவம்

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அவ்வழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் குறைவின்றிப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கண்டறிந்தார். சிறிய தண்டு ஒன்றால் எண்ணெயை அழுத்தினால், அதே அழுத்தம் பெரிய தண்டின் அடியிலும் செயற்படும். பெரிய தண்டின் பரப்பு மூன்று மடங்கானால் அது தூக்கும் விசையும் மூன்று மடங்காகும். நம் வண்டியில் இவ்விரு தண்டுகளும் ஒரே வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் அமைந்திருக்கின்றன. கைப்பிடி ஒரு நெம்புகோல்.

எடுத்துக்காட்டாக, கைப்பிடியில் 25 கிலோ விசை கொடுக்கிறோம் என்றும், நெம்புகோல் அதனைப் 12 மடங்காக்குகிறது என்றும் கொள்வோம். சிறிய தண்டின் மீது 300 கிலோ. பெரிய தண்டின் பரப்பு மூன்று மடங்காயின் 900 கிலோ. இருபது யூரியா மூட்டைகள் ஒரு மனிதனின் கையசைவில் எழும்புகின்றன. ஆனால் இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. ஒவ்வோர் அசைவுக்கும் கரங்கள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே உயரும். முழு உயரத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முறை அசைக்க நேரும்.

இத்தத்துவத்தைக் கொண்டு பாரம் அழுத்தும் இயந்திரத்தைச் செய்து 1795-ல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிரமா. அவருக்கு ஏற்பட்ட பெரும் இடையூறு ஒன்று உண்டு. அழுத்தம் மிகுந்தபோது தண்டுக்கும் உருளைக்கும் இடையே நீர் கசிந்து வெளியேறிற்று. கிண்ணம்போல் வளைந்த தோல் வளையம் ஒன்றை அவ்விடுக்கில் பொருத்தி இதனைத் தீர்த்தனர். அவரது பட்டறையில் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே என்பாரே அதனை வகுத்தவர் என்பர். அழுத்தம் கூடக்கூட அவ்வளையத்தின் உதடு விரிந்து உருளையோடு இறுகப் பற்றிக்கொள்ளும். இன்று தோலுக்குப் பதிலாகச் செயற்கை ரப்பர் வந்துவிட்டது. மெக்கானிக்குகள் அதனைச் சீல் என்கின்றனர். பெயரும் பொருளும் மாறினும் வேலை அதுவே.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இது புதிதன்று. தெருமுனைக் கைப்பம்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் எத்தனை முறை அடித்தாலும் தண்ணீர் ஏறாததை எல்லோரும் கண்டிருக்கிறோம். பேலட் வண்டி தூக்காததும் அதே காரணத்தால்தான். தண்ணீருக்குப் பதில் எண்ணெய். வாஷருக்குப் பதில் சீல். டிராக்டரில் கலப்பையைத் தூக்கி இறக்கும் அமைப்பும் இதன் உறவினமே. எனவே டிராக்டர் ஹைட்ராலிக்கைப் பழுது பார்க்கும் ஊர்ப்புறத்து மெக்கானிக் இவ்வண்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நகரத்துக்கு அனுப்பவேண்டும் என்று காத்திருந்தே பல வண்டிகள் துருவேறிவிட்டன.

சீல்கள் போக, பம்புக்குள் சில வால்வுகள் உண்டு. எண்ணெயை உள்ளே விடுவதொன்று. உள்ளே சென்றதைத் திரும்ப விடாமல் காப்பதொன்று. இவை பெரும்பாலும் சிறிய எஃகுக் குண்டுகளே. மூன்றாவது, பாரத்தை இறக்கும் வால்வு. கைப்பிடியிலுள்ள விரற்கட்டையிலிருந்து மெல்லிய சங்கிலி ஒன்று இதற்குச் செல்கிறது. நான்காவது, அளவுக்கு மீறிய பாரம் ஏற்றினால் எண்ணெயைத் திருப்பி விட்டு வண்டியைக் காக்கும் வால்வு. இந்நான்காவதைத் தொழிற்சாலையில் அளவிட்டு அமைத்திருப்பர். "இன்னும் கொஞ்சம் தூக்கட்டும்" என்று அதனைத் திருகுவது வண்டிக்கும் ஆளுக்கும் கேடு.

பம்பைக் கெடுப்பவை

அந்நிய ஊர்களில் அச்சிடப்பட்ட கையேடுகள் தூய்மையான, வழவழப்பான தரையுள்ள கிடங்கை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நம் கிடங்கு வேறு. இங்கு முதற்பகை உரத்தூள். யூரியாவும் பொட்டாஷும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய தூள், பளபளப்பான தூக்குதண்டின்மீது படிந்து ஈரமாகி, சில வாரங்களில் புள்ளி புள்ளியாகத் துருவை உண்டாக்குகிறது. பொட்டாஷ் ஓர் உப்பு. கடற்கரையோரத்து இரும்புக்கு நேருவதே இதற்கும் நேருகிறது. துருப்பிடித்த தண்டு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அரம்போல் சீலை அராவுகிறது. பின்னர்ப் புதுச்சீல் போட்டாலும் நில்லாது.

இதற்கு மருந்து மிக எளிது. நாள் வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் தூக்குதண்டைத் துடைத்து, கரங்களை முழுவதும் இறக்கி வைக்கவேண்டும். இறக்கிய நிலையில் தண்டு எண்ணெய்க்குள் மறைந்து பாதுகாப்பாக இருக்கும். தூக்கிய நிலையிலேயே இரவெல்லாம், ஏன், பருவம் முழுவதும் விட்டுவைப்பதுதான் நாம் காணும் வழக்கங்களில் மிகவும் வருந்தத்தக்கது.

இரண்டாம் பகை சணல். சாக்குத் தைத்த நூல் சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டு அதனை இறுக்கிவிடுகிறது. அது பம்பைச் சார்ந்ததன்று எனினும், சக்கரம் உருளாதபோது ஆட்கள் கைப்பிடியை வெறிகொண்டு இழுக்க, அதன் வலி பம்பின் இணைப்புகளுக்கு வந்து சேருகிறது. சணல் நார் பம்புக்குள்ளேயும் புகக்கூடும். நாம் பார்வையிட்ட ஒரு கிடங்கில் ஏறக்குறைய ஓராண்டாக மூலையில் கிடந்த வண்டியை, அவ்வூரில் ஐ.டி.ஐ.-யில் பிட்டர் தொழில் பயின்ற இளைஞர் ஒருவர் பிரித்துப் பார்த்தார். வால்வுக் குண்டு அமரும் இடத்தில் தலைமயிரினும் சற்றே பருத்த ஒரு நார். எண்ணெய் ஊற்றிய தகரக் குவளையைத் துடைக்காமல் ஊற்றியதன் விளைவு அது. நாரை எடுத்துவிட்டு, கழுவிப் புதிய எண்ணெய் ஊற்றியதும் அன்று மாலையே வண்டி பாரம் ஏற்றியது.

மூன்றாவது, தவறான எண்ணெய். வண்டியின் கையேட்டில் கூறியுள்ள ஹைட்ராலிக் எண்ணெயையே ஊற்றவேண்டும். பெரும்பாலான கை வண்டிகளுக்கு 32 என்ற தர எண் கூறப்படுகிறது. என்ஜினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் கூடாது. அதிலுள்ள இரும்புப் பொடியே சீலுக்கு எமன். பிரேக் எண்ணெய் அறவே கூடாது. அது வேறு வகைத் திரவம். இப்பம்பின் ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்து ஓரிரு நாட்களிற் கெடுத்துவிடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் நேரும் பிழை இது.

பழுதை அறியும் முறை

எதனையும் கழற்றுவதற்கு முன், அடையாளங்களைக் கொண்டு பழுதை ஊகிக்கவேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பதற்கு ஒப்பானது இது. வண்டி சிறிதும் தூக்கவில்லையென்றால் முதலில் தரையைப் பாருங்கள். எண்ணெய்த் தடம் இருந்தால் கசிவு வெளியே. தடம் இல்லையேல் விரற்கட்டையிலிருந்து செல்லும் சங்கிலியைப் பார்க்கவேண்டும். அது அளவுக்கு மேல் இறுகியிருந்தால் இறக்கு வால்வு எப்போதும் திறந்தே இருக்கும். அடிக்கும் எண்ணெய் அனைத்தும் தொட்டிக்கே திரும்பிவிடும். அங்குள்ள மரையைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தி ஒவ்வொரு முறையும் அடித்துப் பார்த்தால் போதும். பணமே செலவாகாத பழுது இது. ஆனால் இதற்காகவே மூலைக்குச் சென்ற வண்டிகள் பல.

கைப்பிடி பஞ்சை அழுத்துவதுபோல் மெத்தென்று அசைந்து, கரங்கள் தயங்கித் தயங்கி எழும்பினால் எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறது. வண்டியைக் கவிழ்த்து லாரியில் ஏற்றி வந்திருந்தால் இது நேரும். பாரமின்றி, விரற்கட்டையை இறக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை முழுவதுமாக அசைத்தால் காற்று வெளியேறிவிடும். கரங்கள் பாதி உயரம் வரை நன்றாக எழும்பி அங்கேயே நின்றுவிட்டால் எண்ணெய் குறைவு. எண்ணெய் ஊற்றும்போது கரங்கள் முழுவதும் இறங்கியிருக்கவேண்டும். தூக்கிய நிலையில் நிரப்பினால், இறங்கும்போது மிகுதி வெளியே பொங்கிவிடும்.

வெறும் வண்டி எழும்புகிறது, பாரத்தோடு எழும்பவில்லை என்றால் வால்வில் அழுக்கு, அல்லது தேய்ந்த சீல். பாரம் எழும்பிய பின் தானே மெல்ல மெல்ல இறங்கினாலும் காரணம் இவ்விரண்டில் ஒன்றே; சங்கிலி சற்று இறுகியிருந்தாலும் அவ்வாறு நேரும். கரங்கள் எழும்பியபடியே நின்று இறங்க மறுத்தால், சங்கிலி தளர்ந்திருக்கலாம், அல்லது பாரத்தை ஒருபுறமாக ஏற்றியதால் தண்டு வளைந்திருக்கலாம். வளைந்த தண்டைச் சுத்தியலால் நிமிர்த்த முயலுதல் வீண். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. கூரை ஒழுகும் கிடங்குகளில் ஐப்பசி, கார்த்திகையில் இது சாதாரணம். அவ்வெண்ணெயை முழுவதும் வடித்து மாற்றவேண்டும்.

சீல் மாற்றுதல்

முதலில் பாரத்தை இறக்கி, வண்டியைத் தூய்மையான இடத்துக்குக் கொண்டுவந்து, வெளிப்புறம் முழுவதையும் கழுவித் துடைத்த பின்னரே திறக்கவேண்டும். உரத்தூள் படிந்த பம்பைக் கிடங்கின் நடுவிலேயே பிரிப்பது, புழுதிக் காற்றில் கண் சிகிச்சை செய்வதை ஒக்கும். எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொள்க. அதனைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. வில்வளையத்தைக் கழற்றும்போது அது துள்ளிக் கண்ணில் படக்கூடும். கண்ணாடி அணிதல் நலம். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் பரப்பி, கைப்பேசியால் ஒரு படம் எடுத்துவைத்தால் திரும்பப் பூட்டும்போது குழப்பமிராது. எஃகுக் குண்டுகள் உருண்டோடிவிடும். அவற்றைக் கிண்ணத்தில் இடுக.

பழைய சீலை எடுக்கக் கூரிய ஊசியையோ திருப்புளியின் முனையையோ பயன்படுத்தினால் சீல் அமரும் பள்ளத்தில் கீறல் விழும். மூங்கில் குச்சியைச் சீவி அதனால் நெம்புவது மேல். சீல் எப்பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளவேண்டும். அதன் உதடு அழுத்தம் வரும் எண்ணெயை நோக்கியிருக்கவேண்டும். தலைகீழாகப் பூட்டினால் பிரமா காலத்துக் கசிவு மீண்டும் வந்துவிடும். கடையில் புதுச்சீல் வாங்கும்போது பழைய சீலின் அளவை மட்டும் நம்பவேண்டாம். பழையது ஊறிப் பெருத்தோ தேய்ந்து சிறுத்தோ இருக்கும். தண்டின் விட்டத்தையும் பள்ளத்தின் அளவையும் வெர்னியர் கொண்டு அளந்து, வண்டித் தகட்டிலுள்ள மாதிரி எண்ணோடு எழுதிச் செல்வதே முறை.

தண்டின்மீது விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்கவேண்டும். நகம் தடுக்கினால் அக்கீறல் புதுச்சீலையும் கிழிக்கும். தண்டை மாற்றவேண்டும், அல்லது நகரத்துப் பட்டறையில் குரோம் பூச்சு இடவேண்டும். நகம் தடுக்காவிடில் அச்சமில்லை. உறுப்புகளைத் தூய மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, புதுச்சீலை அதே ஹைட்ராலிக் எண்ணெயில் நனைத்துப் பூட்டுக. உலர்ந்த சீலைத் திணித்தால் முதல் அசைவிலேயே அதன் உதடு மடங்கிவிடும்.

ஆளுயரத்துக்குப் பாரத்தைத் தூக்கி அடுக்கும் வகை வண்டி உள்ள கிடங்குகளில் ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். அதன் பம்பும் இதே இனம். ஆனால் விளைவு வேறு. பேலட் வண்டியில் சீல் போனால் பாரம் ஒரு சாண் இறங்கும். அதில் சீல் போனால் தலைக்கு மேலிருந்து இறங்கும். தூக்கிய கரங்களுக்கு அடியில் எவரும் செல்லலாகாது. அடியில் வேலை செய்ய நேர்ந்தால் உறுதியான மரக்கட்டையைக் குறுக்கே கொடுத்துவிட்டே செய்யவேண்டும். மாலை கட்டவும் விளக்கு மாட்டவும் ஆளை ஏற்றித் தூக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது அடியோடு நிறுத்தப்படவேண்டியது. எண்ணெய்க் குழாயில் கசிவைத் தேடும்போது விரலால் தடவிப் பார்த்தல் கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்; வெளியே புள்ளியளவு காயமே தெரியினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பார்த்தால் கசிவு தானே தெரியும்.

இனி, சங்கத்தின் நிர்வாகக் குழுவும் ஊராட்சி உறுப்பினர்களும் கவனிக்கவேண்டியது ஒன்று. வண்டி வாங்கத் தொகை ஒதுக்கப்படுகிறது. அதற்கு எண்ணெய் வாங்கத் தொகை எந்தத் தலைப்பிலும் காணப்படுவதில்லை. மூலையில் கிடக்கும் வண்டிகளின் உண்மையான நோய் இதுவே என்பது நம் கருத்து. ஆண்டுக்கொருமுறை எண்ணெய் மாற்றவும், ஒரு சீல் தொகுப்பை முன்கூட்டியே வாங்கிவைக்கவும் சிறு தொகையைச் சில்லறைச் செலவில் தீர்மானமாக எழுதிக்கொள்வது பெரிய காரியமன்று. வண்டிக்குப் பொறுப்பாளராக ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்கவேண்டும். எல்லோருக்கும் பொதுவான வண்டியை எவரும் துடைப்பதில்லை. அப்பொறுப்பாளர் எழுத்தராக இருப்பதைவிட, அவ்வண்டியை நாள்தோறும் இழுக்கும் சுமைதூக்கும் தொழிலாளருள் ஒருவராக இருப்பது நல்லது. பாரம் மெல்ல இறங்கத் தொடங்குவதை முதலில் உணர்பவர் அவரே.

பழுது பார்த்து முடிந்த வண்டியை அப்படியே வேலைக்கு விடலாகாது. எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றியபின், மரத்தட்டில் இருபது மூட்டைகளை இரு கரங்களுக்கும் சமமாகப் பரவும்படி அடுக்கி, முழு உயரத்துக்குத் தூக்கி, விரற்கட்டையை நடுநிலையில் விடவேண்டும். கரத்தின் அடிமட்டத்தைப் பக்கத்துச் சுவரிலோ தூணிலோ சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கவேண்டும். கோடும் கரமும் ஒரே மட்டத்தில் நின்றால் வண்டி வேலைக்குத் தயார். கரம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வால்வை மீண்டும் திறந்து பார்க்கவேண்டும். சோதனை முடிந்ததும் தேதியையும், மாற்றிய உறுப்பையும், ஊற்றிய எண்ணெயின் தரத்தையும் கிடங்கின் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த எண்ணெய் மாற்றத்துக்குரிய மாதத்தை வண்டியின் கைப்பிடியிலேயே வர்ணத்தால் எழுதிவிடுக.